ஷோபனா களத்தில் போட்ட கயிறுகள்

ஷோபனா அக்காவுக்கு நாய் என்றால் பயம். எங்கள் ஊரிலோ வீட்டுக்கு இரண்டு நாய். அதனால் வாடகை அறையிலிருந்து சாமை ஆலைக்கு வருகிற முந்நூறு அடி தூரத்தையும் கையில் ஒரு குச்சியோடு, துணைக்கு யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் கடப்பார். முதல் மாதம் முழுக்க அவரைப் பற்றி நாங்கள் தெரிந்துகொண்டது அவ்வளவுதான். ஆலைக்குக் கணக்குப் பார்க்க வந்த கண்ணமங்கலத்துக்காரர், நாய்க்குப் பயப்படுகிறவர், எதைச் சொன்னாலும் "உறுதியா, உத்தேசமா?" என்று கேட்கிறவர்.

"தே, மழ வருது, சாமைய வாருங்க!" என்று மங்கம்மா கத்தினால்கூட, அக்கா வானத்தைப் பார்த்துவிட்டு, "உறுதியா வருதா, உத்தேசமா வருதா?" என்பார்.

"நனைஞ்சிட்டா உறுதி" என்பாள் மங்கம்மா.

மங்கம்மாதான் எங்கள் ஆலையில் முறுக்கு சுடுகிறவள். ஐம்பது வயதைத் தாண்டியவள், எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் அவளை யாரும் எழுப்ப முடியாது. மொத்தம் பதினோரு பெண்கள் நாங்கள். ரேணுகாதேவி தலைவி. நான் புடைக்கிறவள். ஏழாவதோடு படிப்பை விட்டவளுக்கு முறம் போதும் என்று நானே அந்த மூலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கிருந்து பார்த்தால் எல்லாரும் தெரிவார்கள்.

ஆலை என்று சொல்கிறேனே தவிர, இருந்தது ஒரு தகரக் கொட்டகையும் சாமையின் உமி நீக்குகிற ஒரு மிஷினும்தான். அந்த மிஷினும் எங்களுடையது இல்லை. கீழே சமவெளியில் இருக்கிற மகளிர் குழுக் கூட்டமைப்பு ஒரு பருவத்துக்கு வாடகைக்குக் கொடுத்தது. அதன் கால்களைச் சிமெண்டில் பதிக்காமல் இரண்டு மரக்கட்டைகளின் மேல் நிறுத்தி வைத்திருந்தார்கள். கூட்டமைப்பிலிருந்து பைக்கில் வருகிற சரவணகுமார் சார், "வாடகையும் வண்டிச் செலவும் வந்துச்சுன்னா பதிச்சுடலாங்க. வரலைன்னா அடிவாரத்துல ஒரு ஊரு கேட்டுனு இருக்காங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். மிஷின் வருவதற்கு முன் நாங்கள் சாமையை உரலில் குத்தினோம். குத்த முடியாததை உமியோடு வியாபாரிக்குக் கொடுத்தோம். அந்த மரக்கட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை வலிக்கிற மாதிரி இருக்கும்.

மாசி பிறந்ததும் கூட்டமைப்பிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. இருபத்து நாலு நாளில் சாமை அரிசியும் சாமை முறுக்கும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கொடுங்கள், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். பருவத்தின் கடைசி ஆர்டர் அது. செலவெல்லாம் போக இருபத்தாறாயிரம் ரூபாய் நின்றால் மிஷின் நிற்கும், இல்லையென்றால் வண்டி ஏறும்.

மூட்டை அரிசிக்கு நானூறு மிஞ்சும், ஒரு டின் முறுக்குக்கு முந்நூறு. ரேணுகாதேவி அதைக் கேட்டதும் கையை உதறிவிட்டாள்.

"அப்புறம் இன்னா? அரிசியே ஓட்டுவோம். முறுக்கு எதுக்கு?"

"எதுக்கா? அப்ப நான் எதுக்கு?" என்றாள் மங்கம்மா.

"நீ சாப்புடறதுக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். ஷோபனா அக்கா சிரிக்கவில்லை. காதிடுக்கில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனார்.

கொட்டகைக்கு முன்னால் சாமை காயப் போடுகிற சிமெண்டுக் களம் இருந்தது, அதன் ஒரு பக்கத்தில் பலா மரம். வெடிக்காமல் இருப்பதற்காகக் கொத்தனார் அதைக் கட்டம் கட்டமாக ஊற்றியிருந்தார். ஒரு கட்டம் இரண்டடி, நீளத்தில் பன்னிரண்டு கட்டம், அகலத்திலும் பன்னிரண்டு. நாங்கள் தினமும் பெருக்குகிற களம்தான். அதில் வேறு எதையும் பார்த்ததில்லை.

"கொட்டகை ஓரம் அரிசி" என்றார் அக்கா, குச்சியால் காட்டி. "ஒரு கட்டம் பத்து மூட்டை. பலா மரத்து ஓரம் முறுக்கு. ஒரு கட்டம் பத்து டின். இந்த மூலையில நின்னா ஒண்ணும் பண்ணலைன்னு அர்த்தம். உள்ளே எங்க நிக்கறோமோ, கொட்டகை ஓரமா எண்ணினா அத்தன மூட்டை, மரத்து ஓரமா எண்ணினா அத்தன டின்."

பிறகு எங்களைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஒரு மூட்டை அரிசிக்கு மிஷின் எத்தனை மணி நேரம்? சாமையை மூன்று தடவை ஓட்ட வேண்டும், அதனால் இரண்டு மணி. ஒரு டின் முறுக்குக்கு? ஒரு மணி. எங்கள் ஊருக்கு மிஷின் ஓடுகிற கரண்டு பகலில் ஐந்து மணி நேரம்தான். இருபத்து நாலு நாளைக்கு நூற்று இருபது மணி.

"அரிசி மட்டும் ஓட்டினா அறுபது மூட்டை. முறுக்கு மட்டும்னா நூத்தியிருபது டின்." அரிசி ஓரத்தில் ஆறாவது கோட்டிலிருந்து முறுக்கு ஓரத்தில் பன்னிரண்டாவது கோடு வரைக்கும் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினார். "இது மிஷின் கயிறு. இதைத் தாண்டி நிக்க முடியாது. கரண்டு இல்ல."

அடுத்து ஆள். பதினோரு பேரில் ஒரு நாளைக்கு ஐந்து பேர்தான் வர முடியும். மற்றவர்களுக்குக் காட்டில் புளி உலுக்குகிற வேலை. ஒரு மூட்டை அரிசி புடைத்துக் கட்ட ஒருத்திக்கு ஒரு நாள் பிடிக்கும். ஒரு டின் முறுக்குக்கு இரண்டு பேர் ஒரு நாள் முழுக்க இருக்க வேண்டும். அந்தக் கணக்குக்கு இன்னொரு கயிறு. அது அரிசி ஓரத்தில் பன்னிரண்டில் தொடங்கி முறுக்கு ஓரத்தில் ஆறில் முடிந்தது. இரண்டு கயிறும் களத்தின் நடுவில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன.

"இப்ப ரெண்டு கயித்துக்கும் உள்ளதான் நம்ம ஊரு. இந்த ஊருக்குள்ள எந்த எடம் ஒசத்தி? அதான் கேள்வி."

அதற்கு அவர் செய்த வேலையை நான் மறக்கவே முடியாது. முப்பது மூட்டை அரிசியில் மிஞ்சுவதும் நாற்பது டின் முறுக்கில் மிஞ்சுவதும் ஒரே தொகை என்று சொல்லி, அரிசி ஓரத்தில் மூன்றாவது கோட்டுக்கும் முறுக்கு ஓரத்தில் நாலாவது கோட்டுக்கும் நடுவே ஒரு மூங்கில் கழியை வைத்தார். அந்தக் கழியின் மேல் எங்கே நின்றாலும் மிஞ்சுவது ஒன்றுதான். கழியை வெளியே தள்ளத் தள்ளத் தொகை கூடும். மங்கம்மா ஒரு முனையும் ரேணுகாதேவி ஒரு முனையுமாகத் தூக்கினார்கள்.

"திருப்பக் கூடாது. சாஞ்சது சாஞ்ச மாதிரியே வெளிய நகத்தணும். ஊரை விட்டுப் போற கடைசி எடம் எதுவோ, அங்க நில்லுங்க."

"ஏ ரேணுகா, கோணாம தூக்குடி!"

"நீ குட்டையா இருந்தா நான் இன்னா பண்றது?"

"தூக்கறது கழி, பாடை இல்ல. பதமா வா."

கழி நகர்ந்தது. அரிசி மட்டும் என்கிற ஆறாவது கோட்டைத் தாண்டியது. ரேணுகாதேவி அதைக் கவனித்தாள். கடைசியில் இரண்டு கயிறும் வெட்டிக்கொள்கிற இடத்தைக் கழி தொட்டு நின்றது. நாலாவது கோடும் நாலாவது கோடும் கூடுகிற இடம். நாற்பது மூட்டை, நாற்பது டின்.

இருபத்தாறாயிரத்துக்குக் கழி எங்கே வரும் என்று கணக்குப் போட்டு அக்கா சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். கழி அதற்கு வெளியே இருந்தது, ஒரு சாண் தள்ளி.

"அரிசியே ஓட்டினா கரண்டு தீந்துடும், பாதிப் பேரு கைய கட்டினு உக்காந்திருப்பீங்க. ரெண்டும் தீரணும். அதான் இந்த எடம்." பிறகு கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி, "காலேஜ்ல இதுக்கு லீனியர் புரோகிராமிங்னு பேரு. தமிழ்ல நேரியல் திட்டமிடல்" என்றார்.

"களத்துல கயிறு கட்டறதுக்கு இவ்ளோ பெரிய பேரா?" என்றாள் மங்கம்மா. ஆனால் அன்றைக்குக் கழியைச் சுவரில் சாத்தியவள் அவள்தான். யாரும் விறகுக்கு எடுத்துவிடக் கூடாது என்று அதன் முனையில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டியும் வைத்தாள்.

மதியம் சாப்பிடும்போது அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் பேச மாட்டேன் என்பதால் என்னிடம் பேசுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும். ஆரணியில் கணக்குப் படித்தாராம். படித்து முடித்து வேலூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற இடத்தில் பன்னிரண்டு வருஷம். வீட்டுக்காரர் வெற்றிச்செல்வன் வடக்கே லாரி ஓட்டுகிறார், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். மகள் அபிநயா கண்ணமங்கலத்தில் பாட்டியிடம் இருக்கிறாள்.

"பன்னெண்டு வருஷம் அடுத்தவங்க வாங்கினத கூட்டிக் குடுத்துனு இருந்தேன். எது எவ்ளோ பண்ணலாம்னு ஒருத்தரும் என்ன கேட்டதில்ல. இங்க கேக்கறாங்கன்னுதான் வந்தேன்" என்றார். பிறகு, "மிஷின் போச்சுன்னா நானும் போவணும். அது பரவால்ல. தப்பா கணக்கு போட்டுப் போச்சுன்னு இருக்கக்கூடாது" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

முறுக்கு சீக்கிரம் காறிவிடும் என்பதால் முதல் நாலு நாள் அரிசி மட்டும் ஓட்டி, ஐந்தாம் நாளிலிருந்து தினம் இரண்டு டின் முறுக்கு சுடுவது என்று ஏற்பாடு. எங்கள் அடுப்பில் ஒரு நாளைக்கு அவ்வளவுதான் ஆகும். இருபது நாள், நாற்பது டின். கயிறுகளை அவிழ்க்கவில்லை. கயிற்றுக்கு வெளியே சாமையைக் காயப் போட்டோம்.

நாலாம் நாள் சாயங்காலம் ராஜாக்கண்ணு தப்பு அடித்துக்கொண்டு தெருவில் வந்தார். ஊருக்குச் சேதி சொல்கிறவர் அவர்தான். அம்மனுக்குக் காப்புக் கட்டுகிற நாளைச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பதின்மூன்றாம் நாள். ஆர்டரின் கணக்கில் அது பதினேழாம் நாள்.

நாங்கள் எங்கள் பாட்டுக்கு மூட்டை தைத்துக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் நிமிர்ந்து, "இன்னா பண்டிகைங்க? எத்தன நாளு?" என்று கேட்டார்.

"எட்டு நாளு. மாசியில காப்பு கட்டினா கட்டினதுதான், ஊர உட்டுப் போவ முடியாது" என்றாள் ரேணுகாதேவி.

"ஆலைக்கு வருவீங்க இல்ல?"

"வராம? உமி நீக்கறதுக்கு இன்னா தடை. எண்ண சட்டிதான் அடுப்புல ஏறாது" என்றாள் மங்கம்மா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "வறுக்கக்கூடாது, தாளிக்கக்கூடாது. வூட்டுலயே வெறும் கொழம்புதான்."

அக்காவின் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்து உருண்டது. பதினேழிலிருந்து இருபத்து நாலு வரை எட்டு நாள். பதினாறு டின்.

"ஏன் சொல்லல?"

"உனக்குத் தெரியாதா இன்னா? உங்க ஊர்ல அம்மன் இல்லியா?"

"எங்கூர்ல காப்பு ஆடில கட்டுவாங்க. அப்பவும் கடைத்தெருல பஜ்ஜி போட்டுனுதான் இருப்பாங்க!"

நாற்பது டின் என்று அவர் கணக்குப் போட்ட அன்றே எங்கள் பதினோரு பேருக்கும் மாசிக் காப்பு தெரியும். அது கணக்கில் சொல்ல வேண்டிய விஷயம் என்று யாருக்கும் படவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று யாராவது போய்ச் சொல்வார்களா? எனக்கு மட்டும் அன்றே மனதில் ஒரு நெருடல் இருந்தது. அக்கா இருபது நாள் என்றபோது விரல் விட்டுப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்திருக்கும், நான் எதற்குக் குறுக்கே பேச வேண்டும் என்று முறத்தை எடுத்துக்கொண்டேன்.

அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். களத்தின் மூலையில் போய் நின்று, "இன்னும் இன்னா இன்னா எனக்குத் தெரியாது? எல்லாத்தையும் சொல்லுங்க" என்றார்.

அவ்வளவுதான், ஆளுக்கொரு பக்கம் கத்த ஆரம்பித்தார்கள். செவ்வாய்க்கிழமை ஜீப்பு வராது. ரேணுகாதேவியின் அண்ணன் மகளுக்குச் சடங்கு இருக்கிறது. டின் நாற்பத்தைந்துதான் இருக்கிறது. விறகு ஈரம். ஒவ்வொன்றுக்கும் அக்கா ஒரு கயிறு கேட்டார். கயிறு தீர்ந்ததும் ஆடு கட்டுகிற கயிறு வந்தது, பிறகு பழைய புடவைக் கரை வந்தது. களம் முழுக்கக் கொடி கட்டின மாதிரி ஆகிவிட்டது. மங்கம்மாவின் ஆடு ஒன்று உள்ளே புகுந்து சிக்கிக்கொண்டு கத்தியது.

"அதுக்கு ஒரு கயிறு போடு, அதுவும் ஊர்க்காரிதான்" என்றாள் ரேணுகாதேவி. அப்போதுதான் அக்கா சிரித்தார்.

பிறகு ஒவ்வொரு கயிறாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நாற்பத்தைந்து டின் என்கிற கயிறு எங்கள் ஊருக்குத் தொலைவில் கிடந்தது. ஜீப்புக் கயிறும் அப்படித்தான். "இது நம்மள தொடவே இல்ல. எடுத்துடலாம். தொடாத கயித்துக்குப் பயப்பட வேணாம்" என்று ஒவ்வொன்றாக அவிழ்த்தார். புதுக் கயிறுகளில் கடைசியில் மிஞ்சியது எண்ணெய்ச் சட்டிக் கயிறு ஒன்றுதான். பன்னிரண்டு நாள், இருபத்து நாலு டின். முறுக்கு ஓரத்தில் இரண்டரைக் கட்டத்துக்குச் சற்றுக் குறைவான இடத்தில், கொட்டகைச் சுவருக்கு இணையாக, அந்தக் கயிறு களத்தின் குறுக்கே போனது. நாலும் நாலும் கூடுகிற பழைய இடம் அதற்கு அந்தப் பக்கம் கிடந்தது. இனி அது எங்கள் ஊர் இல்லை.

மறுபடி கழி தூக்கினார்கள். இந்தத் தடவை யாரும் கேலி பேசவில்லை. எண்ணெய்க் கயிறும் மிஷின் கயிறும் வெட்டுகிற மூலையில் கழி நின்றது. நாற்பத்தெட்டு மூட்டை, இருபத்து நாலு டின். சாக்பீஸ் கோட்டைத் தாண்டித்தான் இருந்தது. ஆனால் சாண் இப்போது இரண்டு விரலாகியிருந்தது.

வேலை நடந்தது. தினம் இரண்டு டின். மீதி நேரமெல்லாம் அரிசி. பதினாலாம் நாள் மத்தியானம் அக்கா மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, காப்புக்கு மொத நாளும் அடுப்பு கெடையாது. வூடு மெழுவி, எண்ண சட்டிய கழுவிக் கவுத்துடுவோம். பதினாறாம் நாளும் முறுக்கு இல்ல."

அவர் என்னையே பார்த்தார். "உறுதியா?"

"உறுதி."

"ரெண்டு நாளு முன்னாடி சொன்ன பாரு, அது போதும்" என்று என் தோளில் கை வைத்தார்.

மங்கம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். அவளேதான் கழுவிக் கவிழ்க்கப் போகிறவள், அவளுக்கே நினைவு வரவில்லை. அக்காவைக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டாள். நான் உமி கொட்டுகிற இடம் அங்கேதான்.

"ஷோபனா, ரெண்டு டின்னுதானே? காட்டுப் பக்கமா மூணு கல்லு வெச்சு ஒருத்தருக்கும் தெரியாம சுட்டுக் குடுத்துர்றேன். அம்மா என்ன ஒண்ணும் பண்ண மாட்டா. பண்ணாலும் என்னத்தான பண்ணுவா, மிஷின பண்ண மாட்டா இல்ல?"

அவளைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பேச்சு என்று புரியும்.

"வேணாங்க மங்கம்மா. அது நான் போட்ட கயிறு இல்ல. நீங்க போட்டது. அத நான் எப்படி அவுக்கறது?" என்றார் அக்கா. "வாங்க, களத்துல போய்ப் பாக்கலாம்."

எண்ணெய்க் கயிற்றைக் கொஞ்சம் கொட்டகைப் பக்கம் இழுத்துக் கட்டினார். மூலை நகர்ந்தது. மிஷின் கயிற்றின் மேலேயே வழுக்கிக்கொண்டு அரிசிப் பக்கம் போனது. "ரெண்டு டின்னு போச்சு. ஆனா அதுக்கு வெச்சிருந்த ரெண்டு மணி நேரம் மிஷினு கெடைச்சுது. அதுல ஒரு மூட்டை அரிசி." நாற்பத்தொன்பது மூட்டை, இருபத்திரண்டு டின். கழியை வைத்தார்கள். கோட்டுக்கு வெளியே ஒரு விரல்.

"இனிமே ஒரு மணி நேரம் கரண்டு போலாம். அதுக்கு மேல போச்சுன்னா கழி உள்ள வந்துடும்" என்றார்.

காப்புக் கட்டினோம். அடுப்பு ஆறிக் கிடந்தது, மிஷின் மட்டும் ஓடியது. இருபத்திரண்டாம் நாள் காற்றில் கரண்டு போனது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வேலைக்கு வராதவர்களும் ஓடி வந்தார்கள். பதினோரு பேரும் மீட்டர் பெட்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தோம். அக்கா கொட்டகைக்கும் களத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். கையில் குச்சி இல்லை. தெரு நாய் ஒன்று அவர் பின்னாலேயே போய்வந்துகொண்டிருந்தது, அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அரை மணி நேரம் கழித்து விளக்கு எரிந்தது. மங்கம்மா மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இருபத்தைந்தாம் நாள் காலை சரவணகுமார் சார் வண்டியோடு வந்தார். வண்டியில் மிஷினைக் கட்டுகிற சங்கிலியும் இருந்தது. நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்தோம். அவர் மூட்டைகளை எண்ணினார், டின்களை எண்ணினார். கடைசி மூட்டையின் முன்னால் நின்றார். அது மற்றவற்றைவிடக் குட்டையாக, கழுத்து இறங்கிக் கட்டியிருந்தது.

"இதுக்கு இன்னா ஆச்சு?"

"அது முக்கால் மூட்டைங்க. அரை மணி நேரம் கரண்டு போச்சு" என்றார் அக்கா. "எடை போட்டுக்குங்க."

அவர் எடை போட்டு எழுதிக் கூட்டினார். கூட்டி முடிக்கிற வரைக்கும் அக்கா அவரைப் பார்க்கவில்லை. களத்தில் கழி கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாளே கழியை நகர்த்தி வைத்திருந்தார், கோட்டுக்கு வெளியே அரை விரல்.

"நூறு ரூபா மேல வருதுங்க" என்றார் சார், இன்னொரு தடவை கூட்டிவிட்டு. பிறகு, "அது இன்னா நாப்பத்தெட்டே முக்கா, இருபத்திரெண்டு? ரவுண்டா எதுவுமே இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே களத்தில் கால் வைத்தார்.

"கயித்த மிதிக்காதீங்க!" என்றாள் மங்கம்மா. அவர் காலை எடுத்துக்கொண்டார்.

சங்கிலி வண்டியிலேயே இருந்தது. அடுத்த வாரம் கொத்தனார் வந்து மரக்கட்டைகளை உருவிவிட்டு மிஷினின் நாலு காலையும் சிமெண்டில் பதித்தார். சிமெண்டு காய்கிற வரைக்கும் யாரும் கிட்டே வரக் கூடாது என்று ரேணுகாதேவி வாசலில் குறுக்கே ஒரு பலகையைப் போட்டிருந்தாள். அதற்குள் காப்பும் அவிழ்த்தாகிவிட்டது. மங்கம்மா எண்ணெய்ச் சட்டியை நிமிர்த்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். ஷோபனா அக்கா களத்தில் குனிந்து மிஷின் கயிற்றை அவிழ்த்தார், ஆள் கயிற்றை அவிழ்த்தார். எண்ணெய்க் கயிற்றுக்கு வந்ததும் நிமிர்ந்து மங்கம்மாவைப் பார்த்தார்.

மங்கம்மா எழுந்து வந்து அதைத் தானே அவிழ்த்துச் சுருட்டினாள். மறுமுனையை நான் அவிழ்த்துக் கொடுத்தேன். பலகையைத் தாண்டாமல், எட்டிக் கையை நீட்டி, கொட்டகையின் உள்சுவரில் இருந்த ஆணியில் அதை மாட்டினாள்.

"அடுத்த மாசிக்கு வேணும். யாராவது ஆட்டுக்குக் கட்டிடப் போறீங்க" என்றாள்.